செயின் வண்டிக்கு எலுமிச்சம்பழம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மஸ்கட்ல நான் சுகம். உங்க முழங்கால் வலி எப்படியிருக்கு?

போன்ல பேசினா சித்தப்பா பிடுங்கிக்கிறாக, அதான் கடிதாசி. நம்ம வாழைத் தோட்டத்துல மண்ணள்ள சித்தப்பா சொல்ற டயர் வச்ச குட்டி லோடர் வேண்டாம். சக்கரத்துக்குப் பதிலா ரெண்டு பக்கமும் செயின்பட்டை சுத்துற செயின் லோடர்தான் வாங்கணும்.

போன வாரம் ஈர மணல்ல நான் ஓட்டுற டயர் லோடர் பாதி புதைஞ்சுபோச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல, பின்கண்ணாடி வழியா இறங்கிட்டேன். செயின் வண்டிதான் அதை இழுத்துச்சு. இனி டயர்ல ஏறமாட்டேன்னு போர்மேன்கிட்டயே சொல்லிட்டேன், சித்தப்பாவுக்கா பயப்படுவேன்?

கல்லுல செயின் தேயும்னு சொல்லுவாக. தேஞ்சா மாத்திக்கலாம். நம்ம தோட்டம் பாதி வருஷம் சகதிதானே.

சக்கரமில்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கன வைப்பீகன்னு சித்தப்பா சிரிச்சாகளாமே, அம்மா சொல்லுச்சு. ரெண்டு செயினுக்கடியிலயும் வையுங்க. ஆனா யாரையும் ஏறவிடாதீக.

வேலைக்குப் போற பஸ் வந்துருச்சு. பழம் வாடினாலும் பரவாயில்ல, நான் வந்துதான் நசுக்குவேன்.

உங்க மகன்,
ஈஸ்வரபாண்டி