கிணற்றில் வந்த கரிமரம்

பிப்ரவரி 26, 1946
காணை ஊரில் எங்கள் கொல்லைக் கிணற்றில் இன்னும் தண்ணீர் இல்லை. தவக்காலம் முடிவதற்குள் ஊறாவிட்டால் கொல்லையை விட்டுவிட்டுப் புதுச்சேரி மில்லுக்குப் போய்விடலாம் என்கிறார் வீட்டுக்காரர். கிணறு வெட்டும் பச்சைமுத்துவிடம் ஒவ்வொரு மண்ணிலும் ஒரு பிடி வாங்கி விளக்கெண்ணெய் சீசாவில் போட்டு வருகிறேன். செம்மண், பொடிக்கல், மஞ்சள் களி, வெள்ளைக் களி. மேல்மண் அடியில் போய், சீசாவில் பூமி தலைகீழாக நின்றது. மூடியை இறுக்கிக் கவிழ்த்து வைத்தேன்.

மார்ச் 4
வெள்ளைக் களிக்குக் கீழே கருப்பு! அத்தை எட்டிப் பார்த்து, "கெணறு வெட்டச் சொன்னா கரிமூட்டம் பிரிச்சிக்கினு இருக்கானுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

மார்ச் 6, சாம்பல் புதன்
நெற்றிச் சாம்பலோடு கோவிலிலிருந்து நேரே கொல்லைக்குப் போனேன். கருப்புக் கட்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் வளையம் வளையமாக — மரமேதான். அத்தனை களிக்கு அடியில் மரம் எப்படிப் போயிற்று? நோவா காலத்து வெள்ளமா? திருவக்கரையில் மரம் கல்லாகிக் கிடக்கிறது. இங்கே ஏன் கரியாச்சு? யாரைக் கேட்பது?

மார்ச் 8
ஒரு துண்டை அடுப்பில் வைத்தேன். எரிந்தது. நாற்றம் தெருக்கோடி வரை. பக்கத்து வீட்டு இருதயமேரி ஓடிவந்து, "இன்னாக்கா, செருப்ப வறுக்கிறியா?" என்றாள்.
இவர் வந்து கத்தினார். "கரி இருக்குன்னு தெரிஞ்சா சர்க்காரு கொல்லைய எடுத்துக்கும்டி! நாளைக்கே கெணத்த மூடுறேன்."
பச்சைமுத்துதான் தடுத்தான். "அவசரப்படாதண்ணே. கருப்புக்கு அடியில மணல் வந்தா தண்ணி கெடைக்கும்."
ஏன்தான் அடுப்பில் வைத்தேனோ.

மார்ச் 9
மூடவில்லை.

மார்ச் 14
கருப்பு இரண்டு முழத்தோடு முடிந்தது. கடப்பாரை கீழே மணலில் இறங்கியதும் தண்ணீர் தானாகவே பொங்கி ஏறியது. பச்சைமுத்து கூடையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்து மேலே வந்தான். மாதாவே! களியும் கரியும் மூடி போட்டு அமுக்கி வைத்திருந்தனவோ?

ஏப்ரல் 15
மண் ஆராய்கிற சர்க்கார் ஆபீசர் வந்தே விட்டார். பேச்சு விழுப்புரம் சந்தை வரை போயிருக்கிறது. "ஒண்ணும் வரலன்னு சொல்லிடு" என்று இவர் காதோரம் சொன்னார். இயேசு பாடுபட்ட பெரிய வாரத்தில் பொய்யா? அது மட்டுமா — எனக்கும் தெரிந்தாக வேண்டுமே. சீசாவையும் கட்டியையும் கொண்டுவந்து வைத்தேன். இவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 18
கொல்லையில் துளை போடுகிறார்கள். இவர் என்னோடு பேசுவதில்லை. நாங்கள் இங்கே இருப்போமா?

ஏப்ரல் 20, பெரிய சனிக்கிழமை
ஆபீசர் சொன்னார்: "எங்க தொளை போட்டாலும் ரெண்டு முழத்துக்கு மேல இல்லம்மா. இதுக்குப் போயி யாரும் சுரங்கம் தோண்ட மாட்டாங்க. நீங்க வேர்க்கடலை போடுங்க." இவர் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.
"இது இன்னா மரங்க?" என்றேன்.
"தெரியலியேம்மா."
கட்டியில் பாதியை உடைத்து எடுத்துப் போனார். மீதி மாதா படத்தருகே இருக்கிறது. "உன் மரத்துக்கு நாளைக்கு ஈஸ்டருக்குப் பூ வெக்கிறியா?" என்றார் இவர். ஐந்து நாளைக்கப்புறம் முதல் பேச்சு.
இன்றைய கணக்கு:
மல்லாட்டை விதை — ஒரு மூட்டை.
மரம் — பாதி. பெயர் —