என் குரலில் பன்னிரண்டு பாட்டு

12 ஜூலை 1988, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பினாங்கிலிருந்து ஃபெர்ரி தாமதம். செபராங் ஜெயா ஆபீசுக்கு இருபது நிமிடம் பிந்தி. மேனேஜர் முறைத்தார். முறைக்கட்டும்.

மாலை ஒத்திகை. பழைய சினிமாப் பாட்டு பன்னிரண்டு, எல்லாம் ஒரே பாடகி பாடியவை, ஒரே கேசட். கீபோர்டை வைத்து ஒப்பேற்றுவது இல்லை, பதினாலு பேர் வாசிக்கும் முழு ஆர்க்கெஸ்ட்ரா. இருபத்திரண்டு வருடம் கல்யாண மேடைகளில் கத்தியதற்கு என் முதல் கேசட். துள்ளிக் குதிக்க வேண்டியதுதான். ஆனால் கேசட் போடும் முதலாளி, சூலியா தெருவில் கடை வைத்திருக்கும் ஷாகுல் அண்ணன், வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார். "பரமேசு, அந்தம்மா ரிக்கார்டுல எப்படிப் பாடுச்சோ அப்படியே வேணும் லா. மூச்சு விடுறதுகூட மாறக் கூடாது."

அந்தம்மா! எந்தக் கச்சேரியிலும் அறிவிப்பாளர் என் பெயரைச் சொன்னதில்லை. அந்தம்மா பெயருக்கு முன்னால் 'பினாங்கு' என்று ஒட்டினால், அது நான். இங்கே பாடுகிற எல்லாருக்கும் இப்படி ஒரு ஒட்டுப் பெயர் உண்டு. என்னுடையதை இங்கே எழுத மாட்டேன்.

அந்தம்மா பாடியபோது வயது இருபது இருக்கும். எனக்கு நாற்பத்தேழு. அவ்வளவு மேலே போனால் கீச்சுக் குரல். கீழே இறங்கினால்தான் என் குரல். நல்ல குரல். நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

13 புதன்

வாங்க: இஞ்சி, தேன், வீட்டுக்காரர் ராஜுவுக்கு பிளேடு.

ஆர்க்கெஸ்ட்ரா மணியம் மாஸ்டருடையது. அவரிடம் கேட்டே விட்டேன். "ரெண்டு கட்டை இறக்குங்க மாஸ்டர்."

"வெளையாடுறியா? பதினாலு பேருக்கும் நோட்ஸ் எழுதியாச்சு. எறக்குனா மொத்தத்தையும் திரும்ப எழுதணும். ஞாயித்துக்கெழம ரிக்கார்டிங்."

"எழுதுவோம்."

"யாரு, ஒன் வீட்டுக்காரரா?"

எல்லாரும் சிரித்தார்கள். வயலின் வாசிக்கும் மிஸ்டர் ஊய் மட்டும் சிரிக்கவில்லை. சீனர், தமிழில் ஒரு சொல் தெரியாது அவருக்கு. விஷயத்தை யாரோ இங்கிலீஷில் சொல்ல, என்னைக் கீழே பாடிக் காட்டச் சொன்னார். பாடினேன். "திஸ் ஒன் நைசர் லா," என்றார். அழுகை வந்துவிட்டது, சனியன்.

15 வெள்ளி

பொய்க் காய்ச்சல், லீவு.

ஊய் வீடு. இறக்கிய கட்டையில் அவர் நோட்ஸ் எழுத, நான் கோடு போட. இசைக்குறிப்பு எழுத ஐந்தைந்து கோடாக, ஆபீஸ் அடிக்கோலை வைத்து, காலை ஒன்பதிலிருந்து. அந்த நோட்ஸ் எனக்குப் படிக்கத் தெரியாது. கோடு நேராக இருக்கும், அதற்கு நான் பொறுப்பு. மதியம் மாஸ்டரே வந்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. வந்தவர் பேனாவை எடுத்தார். பன்னிரண்டும் முடிய ஆறரை. பழைய தாள்களை மாஸ்டரே கிழித்துப் போட்டார்.

வீட்டில் ராஜு: "நீ கட்டைய எறக்கச் சொன்னது காதுல விழுந்து, ஷாகுல் அண்ணே நிபோங் திபால்லேருந்து ஒரு பொண்ண வரச் சொல்லியிருக்காராம். அந்தம்மா மாதிரியே பாடுமாம்."

பயமாக இருக்கிறது. ஆனால் பழையபடி மேலே போய்ப் பாட மாட்டேன்.

17 ஞாயிறு

ரிக்கார்டிங். அந்தப் பெண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பாவம், அவள்மேல் கோபமில்லை.

முதல் பாட்டு, என் கட்டையில். பல்லவி முடியவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷாகுல் அண்ணன் கையை ஆட்டினார், நிறுத்து நிறுத்து என்று. மாஸ்டர் பார்த்தார். பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். பதினாலு பேரும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நான் ஏன் நிறுத்த வேண்டும்?

பாட்டு முடிந்ததும் அண்ணன் உள்ளே வந்தார். "போதும். அந்தப் புள்ள பாடட்டும்."

"நோட்ஸ் எல்லாம் பரமேசு கட்டையில இருக்குண்ணே," என்றார் மாஸ்டர். "வேற தாளே இல்ல."

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "அக்கா, இந்தப் பாட்ட இப்படியும் பாடலாமா?"

"பாடலாம் தங்கச்சி."

அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, பாடித் தொல. ஆனா அட்டையில அந்தப் பேரைத்தான் போடுவேன், பினாங்கு போட்டு."

"அப்ப பாடுனத அழிச்சிருங்க."

"ஏய், ஒன் சொந்தப் பேரு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அதுக்குத்தாண்ணே போடச் சொல்றேன். மைக்க ஆன் பண்ணச் சொல்லுங்க, இன்னும் பதினொண்ணு இருக்கு."