என் தோலை நீயே பார்

கண்ணு யுஸ்ரா, அஸ்ஸலாமு அலைக்கும்.

என் முழங்கைப் படையிலிருந்து எடுத்த தோல் உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். நான்தான் ஆர்.எஸ்.புரம் டாக்டரம்மாவிடம் அடம்பிடித்தேன்.

"புற்று வராம காக்குற புரதம் ஒண்ணு உங்க தோல்ல ஏறியிருக்குதுங்கம்மா. சோரியாசிஸ்ல தோல் வீங்குனாலும் அது ஏறும், புற்று ஆரம்பிச்சாலும் ஏறும். எதுன்னு இன்னொருக்கா பாக்கோணும்" என்றார்.

"அப்ப எம் பேத்திக்கு அனுப்புங்க. அவ கண்ணுக்குத் தப்பாதுங்க" என்றேன். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு நீ கூப்பிடும்போதெல்லாம் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று மட்டும்தான் கேட்கிறாய். நேற்று உன் அத்தாவிடம், "நன்னியோட தோல நான் எப்படிங்கத்தா பாக்கறது? வேறாளுக்குக் குடுத்துடறேன்" என்று நீ அழுதது அவன் போனிலிருந்து எனக்கும் கேட்டது.

கொடுக்காதே அம்மணி. யாரோ ஒரு கிழவியின் தோல் என்று நினைத்துக்கொண்டு பார். அஞ்சாங்கிளாஸோடு நின்றவளுக்குப் புரதம் என்ன தெரியும்? நீ சொன்னால் புரியும். அத்தாவிடம் சொல்லி அனுப்பாமல் என்னையே கூப்பிடு.

இரண்டில் எதுவானாலும் உன் வாயால் கேட்டால் பயப்பட மாட்டேன். வேறு யார் சொன்னாலும் பயப்படுவேன்.

உன் அத்தாவைப் பெற்ற நன்னி