சோலைராஜ் மேல் போட்ட பழி

பம்பாய்,
15.9.97

அன்புள்ள அம்மாவுக்கு ராஜரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி குறைந்திருக்கிறதா? ராஜபாளையம் டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். நான் சுகம்.

ஆபீஸில் ஒரு சின்ன விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் சேர்க்கிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதை முதலாளிக்குப் போட்டுக் காட்டினோம். அவர் ஒருவருடைய ஒப்பந்தத்தைக் கேட்டார். அதே பெயருள்ள வேறொருவருடையது வந்தது. ஒரே பெயரில் சேர்த்ததால் முந்தையது அழிந்துபோயிருந்தது. ஆள் பெயரை வைத்தே சேர்க்கலாம் என்று திட்டம் போட்டவன் நான்தான். ஆனால் “யார் செய்த தப்பு?” என்று முதலாளி கேட்டதும் சோலைராஜைக் காட்டிவிட்டேன். சோழபுரத்திலிருந்து நானே கூட்டிவந்த பையன். அன்றே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

நாங்கள் இருவரும் தங்கியிருக்கும் அறையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டே, “நீங்க சொன்ன மாதிரிதானண்ணே செஞ்சேன்? ஊருக்குப் போயி எங்கம்மாட்ட என்னன்னு சொல்லுவேன்?” என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். என் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். இப்போது ஒவ்வொரு காகிதத்துக்கும் தனி நம்பர் போட்டு எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்கிறோம். சோலைராஜ் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறான், என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடும் கடையில்தான். நான் மட்டும் பொங்கிச் சாப்பிடுகிறேன்.

அவன் அம்மா சீனியம்மாளை ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் பார்த்தால், நீங்களாக எதுவும் கேட்க வேண்டாம்.

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். இந்தப் பக்கம் யாராவது வந்தால் மோர்மிளகாய் கொடுத்துவிடுங்கள். இரண்டு பேருக்குக் காணும்படி கொடுங்கள்.

உங்கள் மகன்,
ராஜரத்தினம்