ஓட்டோடு வந்த வால்நட்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வால்நட் கிடைத்தது. தினமும் நான்கு சாப்பிட்டால் அம்மாவின் மனம் தேறும் என்று எழுதியிருந்தாய். பருப்பாக வாங்காமல் ஓட்டோடு வாங்கிவிட்டாயே, அதுதான் வம்பாகிவிட்டது.

சுத்தியலால் அடித்தால் பருப்பு தூளாகிறது. கதவின் கீல் பக்க இடுக்கில் வைத்து மெல்லச் சாத்தினால் அழகாகப் பிளக்கும். ஆனால் நம் வீட்டுக் கதவுகளை நானே இடுக்கில்லாமல் மாட்டித் தொலைத்திருக்கிறேன். கீல் தளர்ந்திருப்பது உன் தம்பியின் அறைக் கதவில் மட்டும்தான். கோபம் வந்தால் அவன் அறைந்து சாத்துவானே, அதில் தளர்ந்தது.

அவன் இறந்துபோன நாளிலிருந்து மூடிக் கிடந்த கதவு. யோசிக்காமல் திறந்துவிட்டேன். மூன்றாவது காய் உடைந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"தச்சன் பண்ற வேலையா இது? கீல் என்னத்துக்கு ஆகும்? அவன் சாத்தினா மட்டும் அந்தத் திட்டு திட்டினீங்க!"

இந்த ஐந்து மாதத்தில் அம்மா முதன்முதலாகப் பேசியது அதுதான். அவள் தரையில் உட்கார்ந்து ஓடுகளைப் பொறுக்கினாள். ஒரு பருப்பை ஊதி வாயில் போட்டுக்கொண்டாள்.

கதவை நாங்கள் இன்னும் மூடவில்லை.

தீர்ந்ததும் எழுதுகிறேன், இன்னும் அனுப்பு. ஓட்டோடேயே அனுப்பு.

உன் அப்பா