பெரிய கிராணியை வைத்து நாற்பது வாக்கியங்கள்

4 மார்ச் 1957, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. சைக்கிள் மட்கார்டு கழன்று ஆடுகிறது. மழைக்கோட்டை டெஸ்பாட்ச் பைக்குப் போர்த்திவிட்டு நான் நனைந்து வந்தேன். கடிதங்கள் காய்ந்திருந்தன. பியூன் நனைந்தால் யாருக்கு என்ன.

என் லீவு லெட்டர் இன்னும் கடிகாரத்துக்குக் கீழே குத்தியிருக்கிறது. இன்றோடு பதினோரு நாள். பாப்பாவுக்குத் தட்டம்மை, ஒரு நாள் லீவு வேண்டும் என்று நானே இங்கிலீஷில் எழுதியது. எங்கள் ஹெட் கிளார்க், பெரிய கிராணி சபாபதி, அதைத் தேநீர் வேளையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். என் குரலைப் போலவே நடித்து. நான் கோப்பைத் தட்டோடு நடுவில் நின்றேன். பிறகு பிழைகளுக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் வட்டமாகப் போட்டு, தன் கையால் சுவரில் குத்தினார்.

"எல்லாரும் படிச்சுச் சிரிங்க. வேலை அலுப்புத் தீரும்."

லீவும் இல்லை. மறக்க மாட்டேன். மறந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

6 மார்ச், புதன்

சர்க்குலர் வந்திருக்கிறது. பியூன்களிலிருந்து கிராணி எடுக்கிறார்கள். பரீட்சை மே 11: இங்கிலீஷ் இலக்கணம், சொற்கள், கொஞ்சம் கணக்கு. விண்ணப்பம் மார்ச் 30, சனி, பகல் பன்னிரண்டுக்குள் தலைமை ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவும் அவரவர் ஆபீஸ் வழியாக. நாமே நேரில் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள்.

ஆபீஸ் வழி என்றால் பெரிய கிராணி வழி.

கொடுத்தேன். படித்தார். "நீயா? பரீட்சையா?" கீழ் டிராயரை இழுத்து உள்ளே போட்டார். காலால் தள்ளி மூடினார்.

வாங்க வேண்டியவை: பழைய இலக்கணப் புத்தகம் (பிராஸ் பசா ரோடு), நோட்டு 1, பிரேக் கட்டை, மனைவி செல்லத்துக்குத் தலைவலித் தைலம்.

9 மார்ச், சனி

புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை, கரப்பான் அரித்த ஓரம். பரவாயில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சொல். சொல்லை வைத்து வாக்கியம். புத்தகத்தில் உள்ள வாக்கியங்கள் மண்டையில் ஒட்டவே இல்லை. ராஜா வேட்டைக்குப் போனால் எனக்கென்ன? ராஜாவை எடுத்துவிட்டுப் பெரிய கிராணியைப் போட்டேன். உடனே ஒட்டியது!

நாய் பெரிய கிராணியைக் கடித்தது. பெரிய கிராணி நாயால் கடிக்கப்பட்டார். இரண்டு விதமாகச் சொன்னாலும் இனிக்கிறது. நாளை பெரிய கிராணி வழுக்கி விழுவார். பெரிய கிராணி இதுவரை மூன்று முறை வழுக்கி விழுந்திருக்கிறார். நோட்டில் எல்லாம் இங்கிலீஷ். இங்கே தமிழில் இன்னொரு முறை எழுதி ரசிக்கிறேன்.

14 மார்ச், வியாழன்

வெயில். இரண்டு ஆபீஸ் கவுண்டரில் கையெழுத்துக்குக் காத்திருந்த நேரத்தில் ஆறு வாக்கியம். நோட்டை டெஸ்பாட்ச் புத்தகத்துக்குள்ளேயே செருகி வைத்துக்கொள்கிறேன். வசதி.

சின்ன கிராணி காதர் திருத்திக் கொடுக்கிறார். லீவு லெட்டரை வாசித்த அன்று சிரிக்காத ஒரே ஆள். இன்று என் நோட்டைப் படித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ராசு, அந்தாளை இதுல எத்தனை தடவை கொன்னிருக்கீங்க?"

"ரெண்டு தடவைதான் சார். இறந்தகாலத்துல ஒண்ணு, எதிர்காலத்துல ஒண்ணு."

"அல்லாவே! சரி, ஸ்பெல்லிங்கைப் பாருங்க லா."

காலையில் செல்லம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே சொற்களை ஒப்பிக்கச் சொல்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் திக்கினால் தெரிந்துவிடுகிறது. இன்று கேட்டாள்: "என்னங்க, எதைச் சொன்னாலும் ஹெட் கிளார்க் ஹெட் கிளார்க்னு வருதே. அந்தாளு இல்லாம ஒரு வாக்கியம் சொல்லுங்க பார்ப்போம்."

யோசித்தேன். வரவில்லை.

22 மார்ச், வெள்ளி

என் விண்ணப்பம் போகவில்லை. எனக்குத் தெரியாமல் இந்த ஆபீஸிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வெளியே போக முடியாது. எல்லாம் டெஸ்பாட்ச் புத்தகத்தில் ஏறி என் பைக்குள்தான் வர வேண்டும். பதினாறு நாள். பக்கம் பக்கமாகப் பார்த்தேன். இல்லை.

கேட்டேன். "ஐயா, என் விண்ணப்பம்..."

"அவசரம் என்ன? துரை பார்க்கணும்." வெள்ளைக்கார துரை நேற்று வரை மூன்று கட்டுக் காகிதம் பார்த்துவிட்டார்.

இன்றைய முதல் வாக்கியம், வரிசையில் முப்பத்தொன்று: பெரிய கிராணி என் விண்ணப்பத்தைக் கீழ் டிராயரில் ஒளித்து வைத்திருக்கிறார். காதர் சார் ஒரு திருத்தமும் போடவில்லை. சிரிக்கவும் இல்லை.

இன்னும் எட்டு நாள்.

25 மார்ச், திங்கள்

போச்சு.

சாயங்காலம் டெஸ்பாட்ச் புத்தகத்தைப் பெரிய கிராணி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன், தினமும் போல. தேக்கா மார்க்கெட் பக்கம் வந்த பிறகுதான் உறைத்தது. நோட்டு உள்ளே. நாற்பது வாக்கியம்.

திரும்பிப் போனேன். ஆபீஸ் பூட்டிவிட்டார்கள். செல்லத்திடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "வேலை போனா நானும் பாப்பாவும் என்னங்க பண்றது?"

26 மார்ச், செவ்வாய்

கூப்பிட்டார். நோட்டு அவர் முன்னால் விரிந்து கிடந்தது. காது இரண்டும் சிவந்திருந்தன.

"என்னை நாய் கடிக்குதா?"

நான் நோட்டையே பார்த்தேன்.

"இதைத் துரைகிட்டக் கொடுத்தேன்னு வை, நாளைக்கே நீ தெருவுல நிப்பே. போ வெளிய."

கழிப்பறைப் பக்கம் போய் நின்றேன். காதர் சார் பின்னாலேயே வந்தார். "எதுக்குப் பயப்படுறீங்க? கொடுக்கட்டும் லா. துரை ஒண்ணாவதுல இருந்து படிப்பார். முப்பத்தொண்ணாவதுக்கு வந்ததும் என்ன கேப்பார்?"

நான் விழித்தேன்.

"எந்த விண்ணப்பம்னு கேப்பாரா, மாட்டாரா? டிராயரைத் திறன்னு சொல்வாரா, மாட்டாரா?"

பயம் அப்படியே போய்விட்டது.

27 மார்ச், புதன்

இன்று என் நாள்.

பத்து மணிக்கு அவர் மேஜைக்குப் போனேன். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "ஐயா, நோட்டைத் துரைகிட்டக் கொடுத்துட்டீங்களா?"

நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லேன்னா நானே எடுத்துட்டுப் போறேன் ஐயா. டெஸ்பாட்ச்ல ஏத்திடுங்க. கூடவே அந்தக் கீழ் டிராயர்ல உள்ளதையும்."

நல்ல பணிவாகத்தான் சொன்னேன். குரல் உயரவில்லை. பக்கத்து மேஜைகளில் டைப் அடிக்கும் சத்தம் நின்றிருந்தது. அவர் முகம் சுண்டியதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம்! வெட்கமில்லாமல் எழுதுகிறேன், பாப்பா பிறந்த அன்றுகூட இப்படி ஒரு சந்தோஷம் இல்லை.

28 மார்ச், வியாழன்

தூறல். பையில் ஒன்பது உறை. ஏழாவது என்னுடையது. துரை கையெழுத்து, முத்திரை, எல்லாம் முறைப்படி. என் விண்ணப்பத்தை நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

நோட்டை அவர் திருப்பித் தரவில்லை. வைத்துக்கொள்ளட்டும், இன்னொரு முறை படிக்கட்டும். புது நோட்டு வாங்கினேன். முதல் வாக்கியம்: பெரிய கிராணியின் டிராயர் காலியாக இருக்கிறது.

11 மே, சனி

பரீட்சை முடிந்தது. கணக்கு சுலபம். இலக்கணம் தேவலாம். கடைசிக் கேள்வி, ஐந்து சொல்லுக்கு ஐந்து வாக்கியம்: பொறுமை, கடன் வாங்கு, அறுவடை, நேரம் தவறாமை, குடை. எல்லாம் தெரிந்த சொற்கள். ஆனால் அவரை விட்டுவிட்டு எழுத வரவில்லை. நேரம் ஓடுகிறது. செல்லம் அன்றைக்கே சொன்னாள்.

எழுதிவிட்டேன். பெரிய கிராணிக்குப் பொறுமை இல்லை. பெரிய கிராணி என் குடையைக் கடன் வாங்கினார். பெரிய கிராணி அறுவடையைப் பார்த்ததே இல்லை. ஐந்திலும் அவர்தான். திருத்துகிறவர் என்ன நினைப்பாரோ.

26 ஜூன், புதன்

பாஸ்.

பட்டியல் ஆபீஸ் வழியாகத்தான் வந்தது. உறையை அவர்தான் பிரித்தார். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் தள்ளினார். காதர் சார் எழுந்து வந்து கை கொடுத்தார். நான் நேராகக் கடிகாரத்துக்குப் போய் என் லீவு லெட்டரைக் கிழியாமல் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பின்னை மட்டும் சுவரிலேயே விட்டேன்.

செல்லம் அழுதாள். பிறகு பாயசம். சர்க்கரை கூடிவிட்டது.

1 ஜூலை, திங்கள்

இதே ஆபீஸ். ஜன்னல் ஓர மேஜை, அவருக்கு எதிரே. வேறு இடம் கேட்கலாம் என்றார் காதர் சார். கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

புதுக் கிராணிக்கு எப்போதும் கொடுக்கும் வேலைதான்: லீவு ரெஜிஸ்டர்.

18 ஜூலை, வியாழன்

புழுக்கம். காற்றாடி ஒன்று ஓடவில்லை.

பெரிய கிராணியிடமிருந்து லீவு லெட்டர். சனிக்கிழமை நாகப்பட்டினம் கப்பலில் மாமியார் வருகிறாராம், துறைமுகம் போக வேண்டுமாம். ஒரு நாள். மூன்று வரி. சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். ஒரு பிழை இல்லை. எரிச்சலாக இருந்தது. நிமிர்ந்தால், அவர் என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ரெஜிஸ்டரில் ஏற்றி மேலே அனுப்பினேன்.

ஐந்து மணிக்கு எல்லோரும் போன பிறகு, பழக்க தோஷம், குப்பைக் கூடைகளைக் கொட்ட எடுத்துவிட்டேன். பதினோரு வருடம் செய்த கை. அவர் கூடையில் கசக்கிய காகிதங்கள். பிரித்தேன். அதே மூன்று வரி. அடித்து அடித்து எழுதியது. நான்கு நகல்.

அந்த மனிதர் எதையும் இரண்டாவது தரம் எழுதி நான் பார்த்ததில்லை.

நான்கையும் நீவி மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம். வருடத்துக்குப் பதினான்கு நாள் லீவு. எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போக வேண்டும்.