விக்தரின் வரிசைப் பகிடி

தாழ்வுபாடு
பெப்ரவரி 12

அன்பு மகள் ஜெனிஸ்ராவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் சுகம், ஹம்பேர்க் குளிரில் நீயும் இலியாவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். உங்கள் கலியாணம் பேச வந்த இலியாவின் தகப்பனார் விக்தர் நேற்றுப் புறப்பட்டார். நீ தொலைபேசியில் கேட்டபோது அம்மா பக்கத்தில் நின்றதால் முழுவதும் சொல்ல முடியவில்லை. வந்த நாள்தொட்டு மனிதர் சிரிக்கவே இல்லை, நாங்கள் பல்லெல்லாம் தெரிய வரவேற்றோம், அவர் தலையை மட்டும் அசைத்தார், நண்டுக் கறிக்கும் அதே முகம்தான். அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "சிரிக்காத மனிசன்ர வீட்டுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கமாட்டன், நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ" என்று முடித்துவிட்டா.

ஒரு பின்னேரம் மீன் வியாபாரி வஸீர் வந்திருந்தார். விக்தர் தன் மொழியில் பேச, அவருடைய கைபேசி தமிழில் சொன்னது. அவருடைய இளமைக் காலத்தில் ஒருவன் கடை வாசலில் வரிசையைக் கண்டு சேர்ந்தானாம், பொழுதுபட உள்ளே போனால் ஒரு சாமானும் இல்லை, பிறகேன் இவ்வளவு சனம் என்று கேட்க, சாமான் இல்லையென்று முறைப்பாடு எழுதத்தான், ஆனால் முறைப்பாட்டுத் தாளும் முடிந்தது, நாளைக்கு வா என்றார்களாம். செத்தவீட்டு முகத்தோடு சொன்னதால் நான் உண்மையென்று நம்பி அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன். வஸீர்தான், "மரியதாசண்ண, அது பகிடி!" என்று துள்ளினார். பிறகு அவரும் ஒன்று விட்டார். "நாங்க மண்ணெண்ணெய்க்கு வெறும் கானோட வரிசையில நிண்ட நேரத்துக்குள்ள என்ட தங்கச்சி மகளுக்குக் கலியாணமே பேசி முடிச்சிட்டம், ரெண்டு கான் பின்னால நிண்ட பொடியன்தான் மாப்பிள்ளை. மாப்பிள்ளை கிடைச்சார், எண்ணெய்தான் கிடைக்கல்ல." விக்தர் கைபேசியை இரண்டு தரம் கேட்டார். பிறகு சிரித்தார் பார், இருந்த கதிரை ஆடியது, கண்ணால் தண்ணீர் ஓடியது.

முந்தி அவர்கள் நாட்டில் அரசாங்கத்தின் ஆட்கள் ஒட்டுக்கேட்பார்கள் என்று பயந்து, இந்தப் பகிடிகளைக் குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மெல்லச் சொல்வார்களாம், சொல்பவர் சிரிக்கவும் கூடாதாம். பிறகு பயம் தெளிந்து தொலைக்காட்சியிலேயே சொன்னார்களாம், இப்போது சிலர் திரும்பவும் குரலைக் குறைக்கிறார்களாம். இளசுகள் கைபேசியில் ஒரு படத்தை அனுப்புவதோடு சரி, வரிசையில் நில்லாத பிள்ளைகளுக்கு வரிசைப் பகிடி விளங்குவதில்லை, இலியாவே சிரிப்பதில்லை என்று விக்தர் குறைப்பட்டார். அவர்கள் ஊரில் வரிசைக்கு வருகிறவர் முதலில் யார் கடைசி என்று கேட்டுத்தான் இடம் பிடிப்பாராம்.

நேற்றுக் காலை அம்மா அப்பம் சுட, நானும் வஸீரும் சாப்பாட்டுக் கோப்பையோடு குசினி வாசலில் ஒருவர் பின் ஒருவராக நின்றோம். விக்தர் வந்தார். அதே செத்தவீட்டு முகம். தனக்கு வஸீர் பழக்கிவிட்ட தமிழில், "ஆர் கடைசி?" என்றார். அம்மா அகப்பையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தா. சிரிப்பு அடங்க முன்னமே, "சம்பந்திக்கு என்ன வரிசை, முன்னுக்கு வாங்கோ" என்றா.

சம்பந்தி என்றுதான் சொன்னா, வஸீரும் சாட்சி. பின்னேரமே கோயில் சுவாமியிடம் போய்க் கலியாணத்துக்குத் திகதியும் கேட்டுவிட்டா.

மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. தகப்பன் வரிசைப் பகிடி சொன்னால் ஒருக்கால் சிரிக்கும்படி இலியாவிடம் சொல்.

உன்மேல் அன்புள்ள அப்பா,
மரியதாசன்